ஒரே பேடுல எட்டு கிணறு: கீழ எவ்ளோ நெருக்கமா போடலாம்?

லாஸ்பேட்டை_பையன் (வெள்ளி, இரவு 9:12)

எல்லாருக்கும் வணக்கம். பெட்ரோலியம் இன்ஜினியரிங் கடைசி வருஷம், ஊரு புதுச்சேரி. செமினாருக்கு பேடு ட்ரில்லிங் எடுத்திருக்கேன், புரிஞ்ச வரைக்கும் சொல்றேன் தப்பு இருந்தா திருத்துங்க. டெக்சாஸ் பெர்மியன், நார்த் டகோட்டா பாக்கன்னு அமெரிக்க எண்ணெய் வயல்ல எல்லாம் பேடுங்கற ஒரே மனையில ஆறு எட்டு கிணறு, சில இடத்துல இருபதுக்கு மேலயும் போடறாங்க, மேல வாயெல்லாம் பக்கத்து பக்கத்துல இருக்கு, கீழ போயி படுக்கையா திரும்பி ரெண்டு மைல் ஓடுது. ஒரு மைல் அகலத்துல நாலு லேட்டரல் (அந்த படுக்கை பகுதி) போட்டா நடுவுல 1,320 அடி, எட்டு போட்டா 660 அடி. எட்டு போட்டா எண்ணெயும் ரெண்டு மடங்கு வரணும்ல? அப்புறம் ஏன் 2019 வாக்குல கம்பெனிங்க எல்லாம் திரும்ப தள்ளித் தள்ளி போட ஆரம்பிச்சாங்க? சார் கிட்ட கேட்டேன், எகனாமிக்ஸ்னு ஒரே வார்த்தையில முடிச்சிட்டாரு. எனக்கு அது பத்தல.

முதுநகர்க்காரன் (வெள்ளி, இரவு 10:05)

தம்பி, ரெண்டு இடைவெளிய ஒண்ணா போட்டு குழப்பிக்காத. மேல வெல்ஹெட்டுக்கும் வெல்ஹெட்டுக்கும் (கிணத்து வாய்) இருக்கறது 15 அடி, 20 அடி, 30 அடி, அது ரிக்கு (துளை போடற கோபுர மெஷின்) நகர்றதுக்கும் ஆளு வேலை பாக்கறதுக்கும் வெக்கறது. கீழ லேட்டரலுக்கும் லேட்டரலுக்கும் இருக்கறதுதான் துட்டு.

நான் கடலூர் ஓ.டி., ஒம்பது வருஷமா டெக்சாஸ் மிட்லாண்டுல ஃப்ராக் (பாறைய அழுத்தி வெடிக்க வெக்கறது) வேலை, இப்ப லீவுல ஊருக்கு வந்திருக்கேன். ஷேலுங்கறது நம்ம ஊர் போர் தண்ணி மாதிரி மணல்ல ஊறி வர்ற சமாச்சாரம் இல்ல, அந்த பாறைய கையில எடுத்து பாத்தா ஸ்லேட்டு பலகை மாதிரி இருக்கும், எண்ணெய் உள்ள இருக்கு ஆனா வழி கிடையாது, அதனால லேட்டரல் நெடுக 150 அடி 200 அடிக்கு ஒரு ஸ்டேஜுன்னு பிரிச்சு ஒவ்வொரு ஸ்டேஜுலயும் ஓட்டை போட்டு தண்ணியும் மணலும் அழுத்தி வெடிக்க வெக்கறோம், வெடிப்பு மூடிக்காம மணல் தாங்கிக்கும். ஆக ஒரு கிணறு எவ்ளோ தூரத்து எண்ணெய இழுக்கும்னா அதோட வெடிப்பு எவ்ளோ தூரம் போவுதோ அவ்ளோதான். இங்கதான் சூட்சுமம். தண்ணி போற தூரம் வேற மணல் போய் நிக்கற தூரம் வேற. தண்ணி அழுத்தம் ஆயிரம் அடி தாண்டியும் போய் பக்கத்து கிணத்த தட்டும், ஆனா மணல் தாங்கி நிக்கற வெடிப்பு பெரும்பாலும் சில நூறு அடியோட சரி. ரொம்ப தள்ளி போட்டா நடுவுல எண்ணெய் அப்படியே நின்னுடும், ரொம்ப நெருக்கி போட்டா ரெண்டு கிணறும் ஒரே எண்ணெய பங்கு போட்டுக்கும். எட்டு கிணறுன்னா ரெண்டு மடங்குங்கற உன் கணக்கு அங்கதான் உடையுது.

பரங்கிப்பேட்டை_ட்ரில்லர் (வெள்ளி, இரவு 10:41)

முதுநகர் அண்ணன் ஃப்ராக் பக்கம் சொல்லிட்டாரு, நான் ட்ரில்லிங் பக்கம் சொல்றேன். இப்ப ஓமன்ல இருக்கேன், அதுக்கு முன்னாடி மூணு வருஷம் டெக்சாஸ்.

பேடுன்னு வந்ததுக்கு முதல் காரணம் ரிக்க நகர்த்தற செலவு. முன்னாடி ஒரு கிணறு முடிஞ்சா ரிக்க கழட்டி லாரி லாரியா ஏத்தி அடுத்த இடத்துக்கு கொண்டு போய் திரும்ப நிமித்தணும், அதுலயே நாள் கணக்குல போயிடும். இப்ப வாக்கிங் ரிக்கு. கீழ ஹைட்ராலிக் கால் இருக்கு, மொத்த ரிக்கையும் கொஞ்சம் தூக்கும், ஒரு எட்டு வெக்கும், இறக்கும், திரும்ப தூக்கும். மேல மாஸ்டுல பைப்பெல்லாம் அடுக்கினது அடுக்கினபடியே நிக்கும். முத தடவ பாத்தப்ப எங்க ஊரு தேரு நெலையிலேர்ந்து கெளம்பற மாதிரி இருந்துது, அவ்ளோ பெருசு அவ்ளோ மெதுவா அசையுது, சில மணி நேரத்துல அடுத்த கிணத்து மேல நிக்கும்.

ரெண்டாவது, பேட்ச் ட்ரில்லிங். எட்டு கிணத்துக்கும் மேல் பகுதிய மட்டும் வரிசையா போட்டு கேசிங் (இரும்பு குழாய்) இறக்கி சிமென்ட் பண்ணிட்டு, அப்புறம் திரும்பி வந்து நடு பகுதி, அப்புறம் லேட்டரல். துளை போடும்போது உள்ள சுத்தி வர்ற கலவைய மட்டுன்னு சொல்லுவோம், மேல தண்ணி மட், கீழ ஆயில் மட், ஒரு பேடுக்கு ஒரு தடவ மட்ட மாத்தினா போதும். அதே சைஸ் பிட்டு (துளைக்கற முனை) அதே கேசிங்னு போறதுனால க்ரூவுக்கு மூணாவது கிணத்துல கை பழகிடும், எட்டாவது கிணறு முத கிணத்த விட வேகமா முடியும்.

ஆனா ஒண்ணு, மேல 20 அடி தள்ளி ஏற்கெனவே இரும்பு கேசிங் நிக்குது. நம்ம சர்வே டூல் காந்தத்த வெச்சு திசை பாக்குது, பக்கத்து இரும்பு அத குழப்பும், அதனால மேல் பகுதியில காந்தம் இல்லாம திசை காட்டற கைரோ இறக்கிதான் பாப்போம். தப்பி பக்கத்து கேசிங்ல பிட்டு உரசினா, மட்டோட வர்ற துகள சலிக்கற ஷேக்கர்ல இரும்பு சுருள் சுருளா வரும். அது வந்துதுன்னா நிறுத்திட வேண்டியதுதான்.

லாஸ்பேட்டை_பையன் (வெள்ளி, இரவு 10:58)

அண்ணே ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. இவ்ளோ மிச்சம் ஆவுதுன்னா கிணறு எண்ணிக்கைய கூட்டறதுதானே நல்லது? நடு எண்ணெய் மிச்சம் இல்லாம எடுக்கலாம், பேடும் ஏற்கெனவே இருக்கு, ரிக்கும் அங்கயே நிக்குது.

முதுநகர்க்காரன் (வெள்ளி, இரவு 11:20)

நீ கேக்கற இதே கேள்விய கேட்டுதான் 2016, 17, 18-ல எல்லாரும் நெருக்கிகினே போனாங்க. 660 அடி, அப்புறம் 440, 330னு. ஒவ்வொரு மைல் அகலத்துலயும் இத்தன கிணறு போடலாம்னு முதலீட்டாளருக்கு எண்ணி காமிச்சாங்க, கிணறு எண்ணிக்கைதான் கம்பெனி மதிப்புன்னு ஆயிப் போச்சு.

ஒரு ராத்திரி நடந்தத சொல்றேன். டிசம்பர், வெளிய குளிர் தாங்கல, நான் டேட்டா வேன்ல உக்காந்திருந்தேன். புது கிணத்துல பதினேழாவது ஸ்டேஜ் அடிச்சிகிட்டிருக்கோம். சுமார் 700 அடி தள்ளி மூணு வருஷத்து பழைய கிணறு ஒண்ணு, அதே கம்பெனியோடது, அதோட கேசிங் பிரஷரும் என் ஸ்கிரீன்ல ஒரு ஓரமா ஓடுது. 180 psi-லயே நின்னுகிட்டிருந்தது திடீர்னு 200, 260, 400. நான் சூப்பர்வைசர கூப்பிட்டேன், அவரு ரேட்ட கொறைக்கலாமான்னு மேலிடத்துக்கு போன் போட்டாரு, தொடர்ந்து அடிங்கன்னு பதில் வந்துது. இருபது நிமிஷத்துல 1,100.

மறுநாள் காலையில அந்த பழைய கிணத்து வாயில தண்ணி. சாம்பிள் பிடிச்ச வாளியில அடியில மணல் தங்கி இருந்துது, ஒரு சிட்டிகை எடுத்து விரல்ல தேய்ச்சு பாத்தேன். பழைய கிணத்துக்கு மூணு வருஷம் முன்னாடி இறக்குனது விஸ்கான்சின்லேர்ந்து ரயில்ல வந்த வெள்ளை மணல், உருண்டையா இருக்கும். என் விரல்ல இருந்தது பழுப்பு. கெர்மிட் பக்கம் மணல் மேட்டுல அள்ளி முந்தின ராத்திரி நாங்க இறக்குன அதே மணல், 700 அடி பாறைக்குள்ள போயி அடுத்த கிணறு வழியா வெளிய வந்திருக்கு. பம்பு மாட்டிகிச்சு, கிணத்த கழுவி எடுக்கவே வாரக்கணக்கு ஆச்சு, அதுக்கப்புறம் பழைய வரத்துக்கு அது திரும்பவே இல்ல. புது கிணறும் எதிர்பாத்த அளவு தரல.

ஏன்னா பழைய கிணறு எண்ணெய எடுத்து எடுத்து அதை சுத்தி பாறையில அழுத்தம் கொறைஞ்சு கெடக்கு, அழுத்தம் கொறைஞ்ச இடத்துல பாறை சீக்கிரம் வெடிக்கும், அதனால புதுசா அடிக்கற வெடிப்பு ரெண்டு பக்கமும் சமமா போகாம அந்த காலியான பக்கமே சாயுது. எண்ணெய் இருக்கற பக்கம் வெடிக்காம, தீர்ந்து போன பக்கத்துல மணலும் தண்ணியும் வீணாவுது. பழசு தாய் கிணறு, புதுசு பிள்ளை கிணறுன்னு சொல்லுவாங்க, இப்படி மோதறத ஃப்ராக் ஹிட்டுன்னு சொல்லுவாங்க.

பரங்கிப்பேட்டை_ட்ரில்லர் (வெள்ளி, இரவு 11:47)

அண்ணே அது நெருக்கத்தோட குத்தம் இல்ல, நேரத்தோட குத்தம். தாய் கிணறே இல்லாம எல்லாத்தையும் ஒரே மூச்சுல போட்டுட்டா? கியூபுன்னு என்கானா கம்பெனி செஞ்சுதே, மேலடுக்கு கீழடுக்கு எல்லாத்துலயும் ஒண்ணா போட்டு ஒண்ணா ஃப்ராக் அடிச்சு ஒண்ணா தொறந்தாங்க. எல்லா பாறையிலயும் அழுத்தம் சமமா இருக்கும், வெடிப்பு ஒரு பக்கம் சாயாது. அப்படி போடும்போது நெருக்கி போடறதுல என்ன தப்பு?

ரிசர்வாயர்_செல்வி (சனி, காலை 6:30)

நான் முத்தியால்பேட்டை, இப்ப ஹூஸ்டன்ல ரிசர்வாயர் (எண்ணெய் இருக்கற பாறை) பக்க வேலை. பரங்கிப்பேட்டை சார் சொல்றதுல பாதி சரிங்க. ஒரே நேரத்துல போட்டா தாய் பிள்ளை சண்டை கொறையும். ஆனா நெருக்கம் தனி பிரச்சனை, அது நேரத்தால தீராது. கான்ச்சோ கம்பெனி பெர்மியனோட மேற்கு பக்கம் டெலாவேர் பேசின்ல டாமினேட்டர்னு ஒரு புராஜெக்ட் போட்டுது, 23 கிணறு, ஒரே மூச்சுலதான் போட்டாங்க. ரொம்ப நெருக்கிட்டோம்னு அவங்களே ஒத்துக்கிட்டாங்க. 2019 ஆகஸ்ட் 1-ம் தேதி அந்த ஷேர் ஒரே நாள்ல 22 சதவீதம் விழுந்துது. தம்பி நீங்க கேட்ட 2019 கதை இதுதான், அன்னைக்கு அப்புறம் யார் மீட்டிங்குக்கு போனாலும் முத கேள்வியே ஸ்பேசிங் (கிணத்து இடைவெளி) என்னன்னுதான்.

எகனாமிக்ஸ்னு உங்க சார் சொன்னத நான் பிரிச்சு காட்டறேன். இது கணக்குக்காக நானே வெச்சுக்கற எண்ணுங்க, எந்த வயலோட டேட்டாவும் இல்ல. ஒரு மைல் அகலத்துல நாலு கிணறு, ஒவ்வொண்ணும் ஆயுசுக்கு 7 லட்சம் பேரல், மொத்தம் 28 லட்சம். ஆறா போட்டா பங்கு போட்டு ஒவ்வொண்ணும் 5.5 லட்சம், மொத்தம் 33. எட்டா போட்டா ஒவ்வொண்ணும் 4.3, மொத்தம் 34.4. மொத்தத்த மட்டும் பாத்தா எட்டுதான் ஜெயிக்குது, அதான் ஏமாத்தும். ஒரு கிணறு 80 லட்சம் டாலர்னு வைங்க. நாலுலேர்ந்து ஆறுக்கு போக 160 லட்சம் டாலர் போட்டு 5 லட்சம் பேரல் கூடுது, பேரலுக்கு 32 டாலர். ஆறுலேர்ந்து எட்டுக்கு போக அதே 160 லட்சம் போட்டு கூடறது 1.4 லட்சம் பேரல்தான், பேரலுக்கு 114 டாலர். ஆக கடைசியா சேக்கற கிணறு எவ்ளோ புது எண்ணெய் கொண்டு வருதுன்னு பாக்கணும், சராசரி கிணறு எவ்ளோ தருதுன்னு பாக்க கூடாது. பேடுல மிச்சம் பிடிச்சு கிணறு 70 லட்சத்துக்கு முடிச்சாலும் அந்த கடைசி ரெண்டு கிணத்து எண்ணெய் பேரல் 100 டாலர்தான்.

இன்னொரு பக்கமும் நியாயமா சொல்லணும். நெருக்கி போட்டா எண்ணெய் சீக்கிரம் வெளிய வரும், இன்னைக்கு வர்ற துட்டுக்கு பத்து வருஷம் கழிச்சு வர்ற துட்ட விட மதிப்பு அதிகம், அதனால உண்மையான கணக்குல 114 கொஞ்சம் கீழ எறங்கும். ஷேல் கிணறு முத வருஷத்துலயே தினசரி வரத்து அறுபது எழுபது சதவீதம் வரைக்கும் கொறைஞ்சிடற சாமான், அப்படி இருக்க சீக்கிரம் எடுக்கறதுக்காக இன்னும் ரெண்டு கிணறுங்கறது பெரும்பாலும் கட்டுப்படியாகாது.

அப்புறம் தம்பி, செமினார்ல படம் போடும்போது மேலேர்ந்து பாக்கற படம் மட்டும் போடாதீங்க. மிட்லாண்டுல ஸ்ப்ராபெரி, அதுக்கு கீழ வுல்ஃப்கேம்ப் ஏ, வுல்ஃப்கேம்ப் பி-ன்னு பாறை அடுக்கடுக்கா இருக்கு, வெடிப்பு மேலயும் கீழயும் ஏறும். கோலத்துல நேர்ப்புள்ளி ஊடுபுள்ளின்னு வைப்போம்ல? ரெண்டு அடுக்கு கிணத்தையும் ஒண்ணுக்கு நேர் மேல ஒண்ணு வெச்சா நேர்ப்புள்ளி, மோதிக்கும். மேல் வரிசை ரெண்டு கிணத்துக்கு நடுவுல கீழ் வரிசை கிணறு வர்ற மாதிரி வெச்சா ஊடுபுள்ளி, இடைவெளி கெடைக்கும். பெரும்பாலும் அப்படித்தான் வெக்கறோம்.

பண்ருட்டி_கொல்லை (சனி, காலை 8:15)

நான் எண்ணெய் ஆளு இல்ல, முந்திரி பலா ஆளு. ஆனா செல்வி பாப்பா போட்ட கணக்கு என் கொல்லையில நடந்துது. தானே புயல்ல, 2011 டிசம்பர் கடைசி, மரம் மொத்தமும் படுத்துடுச்சு. திரும்ப வெக்கும்போது அடர் நடவு வைங்கன்னாங்க, 5 மீட்டருக்கு 4 மீட்டர், எக்டருக்கு 500 மரம். பழைய முறை 7-க்கு 7, எக்டருக்கு 200 சொச்சம். முத சில வருஷம் நல்லா காச்சுது, பக்கத்து கொல்லைக்காரன் எல்லாம் வந்து பாத்துட்டு போனாங்க. அப்புறம் கிளை கிளையோட முட்டிகிச்சு, வெயில் உள்ள எறங்கல, முந்திரி வெளி ஓரத்து கிளையிலதானே பூக்கும், நடுவுல வெறும் எலைதான். ஊடால ஒரு வரிசைய வெட்டி எடுத்தேன், மனசு கேக்கல ஆனா எடுத்தேன், அடுத்த ரெண்டு பருவத்துல தேறிடுச்சு. உங்க கிணறு நெருங்கிட்டா அப்படி எடுக்க முடியுமா?

முதுநகர்க்காரன் (சனி, காலை 8:40)

முடியாதுங்க ஐயா. மூடி சிமென்ட் ஊத்தலாம், போட்ட துட்டும் வெடிச்ச பாறையும் திரும்பாது. நீங்க மரம் வெச்சு சில வருஷம் பாத்துட்டு முடிவ மாத்திகிட்டீங்க. பேடுல எட்டு கிணத்தையும் ஒண்ணா போடறவனுக்கு முத கிணறு என்ன தருதுன்னு தெரியறதுக்குள்ள எட்டாவது கிணறும் முடிஞ்சிருக்கும், பரங்கிப்பேட்டை தம்பி சொன்ன பேட்ச் முறையில எதுவுமே மாசக்கணக்குல தொறக்க மாட்டாங்க. ஸ்பேசிங் தப்புன்னா எட்டும் தப்பு. என் ஒம்பது வருஷத்துல நான் தெரிஞ்சுகிட்டது இதுதான், பேடு எவ்ளோ வேகமா கிணறு போட விடுதோ அவ்ளோ வேகமா தப்பையும் பெருக்கும்.

வீராணம்_பாசனம் (சனி, காலை 9:26)

எல்லாரும் நல்லா பேசறீங்க, எனக்கு ஒண்ணு சொல்லுங்க. இதுக்கு தண்ணி எவ்ளோ? எங்களுது காட்டுமன்னார்கோயில் பக்கம், ஏழு காணி நஞ்சை.

முதுநகர்க்காரன் (சனி, காலை 10:02)

ரெண்டு மைல் லேட்டரலுக்கு ஒரு கிணறு சாதாரணமா 6 கோடியிலேர்ந்து 8 கோடி லிட்டர் குடிக்கும். 6 கோடின்னே வைங்க, நம்ம 12,000 லிட்டர் டேங்கர் லாரியில 5,000 நடை. மணல் 9,000 டன் வரைக்கும் போவும். எட்டு கிணறு பேடுன்னா தண்ணி 48 கோடி லிட்டர். உங்க வீராணம் முழுசா ரொம்பினா 1,465 மில்லியன் கன அடி, லிட்டர்ல 4,100 கோடிக்கு மேல, அப்படி எண்பது தொண்ணூறு பேடு போட்டா ஒரு ஏரி காலி. மிட்லாண்டுல இப்ப திரும்பி வர்ற உப்புத்தண்ணிய சுத்தம் பண்ணி நெறைய இடத்துல மறுபடி இறக்கறாங்க, மிச்சத்த ஆழத்துல செலுத்தறாங்க, அதனால நிலம் அதிர்ந்து 2021-ல டெக்சாஸ் ரயில்ரோடு கமிஷன் சில பகுதியில கட்டுப்பாடு போட்டுது (பேருதான் ரயில்ரோடு, எண்ணெய் கேஸ பாக்கறது அதுதான்).

இங்க வருமான்னுதான் கேக்க வர்றீங்கன்னு புரியுது. அமெரிக்க அரசோட எரிசக்தி தகவல் அமைப்பு இ.ஐ.ஏ. 2013-ல போட்ட ஷேல் மதிப்பீட்டுல காவேரி படுகையும் இருந்துது. ஆனா 2020-ல தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல சட்டம் வந்து, கடலூர் மாவட்டத்துல உங்க காட்டுமன்னார்கோயில், மேல்புவனகிரி, கீரப்பாளையம், பரங்கிப்பேட்டை, குமராட்சி அஞ்சு ஒன்றியமும் அதுக்குள்ள இருக்கு, புதுசா எண்ணெய், கேஸ், ஷேல் எதுவும் அங்க எடுக்க கூடாது. இதுலயே சோறு தின்ற நானும் அந்த சட்டம் சரின்னுதான் சொல்லுவேன். பேடுனால மேல நிலம் மிச்சம் ஆவும், அது நெஜம், 1,280 ஏக்கர், அதாவது கிட்டத்தட்ட 970 காணிக்கு கீழ இருக்கற எண்ணெய அஞ்சு பத்து ஏக்கர் மனையிலேர்ந்து எடுக்கலாம். ஆனா தண்ணியும் லாரியும் பேடுனால கொறையாது, ஒரே இடத்துல குவியும், அவ்ளோதான். மேற்கு டெக்சாஸ்ல மைல் கணக்குல ஆளே இருக்க மாட்டாங்க. இங்க அந்த ரோட்டுல பள்ளிக்கூட புள்ளைங்க சைக்கிள்ல போவும்.

வீராணம்_பாசனம் (சனி, காலை 10:20)

தெளிவா சொன்னதுக்கு நன்றிங்க. நெய்வேலி பக்கம் எங்க சொந்தக்காரங்க இருக்காங்க, மோட்டாரே இல்லாம தானா பொங்கி ஓடுன போர் எல்லாம் அங்க ஒரு காலத்துல இருந்துது, சுரங்கத்துக்காக ராவும் பகலும் கீழ் தண்ணிய எறச்சு அழுத்தம் கொறைஞ்சதும் நின்னு போச்சு. தாய் கிணறு பிள்ளை கிணறுன்னு நீங்க சொன்னப்ப அதுதான் ஞாபகம் வந்துது.

பரங்கிப்பேட்டை_ட்ரில்லர் (சனி, பகல் 12:10)

செல்வி மேடம், டாமினேட்டர் ஒண்ணா போட்டதுங்கறத நான் யோசிக்கல, ஒத்துக்கறேன். ட்ரில்லிங் ஆளுங்க எங்களுக்கு எத்தன நாள்ல முடிச்சோம், அடிக்கு என்ன செலவு, இதுதான் மார்க்கு. கீழ எண்ணெய் பங்கு போச்சா இல்லையான்னு யாரும் எங்க கிட்ட சொல்றதும் இல்ல, நாங்க கேக்கறதும் இல்ல. ஒரு சந்தேகம், பழைய தாய் கிணறு ஏற்கெனவே இருக்கற இடத்துல என்னதான் பண்றது?

ரிசர்வாயர்_செல்வி (சனி, மாலை 5:48)

மேடம் எல்லாம் வேணாங்க, செல்வின்னே சொல்லுங்க. தாய் கிணத்த முன்கூட்டியே நிறுத்தி வெச்சு அழுத்தம் ஏற விடுவோம், சில இடத்துல அதுக்குள்ள தண்ணி செலுத்தி பாறைய ரொப்பி வெச்சுட்டு பக்கத்துல ஃப்ராக் அடிப்போம், சில பேர் தாய்க்கே திரும்ப ஃப்ராக் அடிப்பாங்க. எதுவும் முழு மருந்து இல்ல. முதல் பிள்ளை கிணத்த மட்டும் கூடுதலா தள்ளி வெச்சுட்டு மத்ததுங்கள வழக்கமான இடைவெளியில வெக்கறதுதான் எனக்கு தெரிஞ்சு செலவு கொறைஞ்ச வழி.

லாஸ்பேட்டை_பையன் (ஞாயிறு, இரவு 8:33)

அக்கா, அண்ணே, ஐயா எல்லாருக்கும் நன்றி. ஸ்லைடு மொத்தமும் மாத்திட்டேன். மொத்த எண்ணெய் கிராஃப் இருந்த இடத்துல கடைசி கிணறு எவ்ளோ கூட்டுதுங்கற கிராஃப் போட்டேன், அக்கா எண்ணையே வெச்சு, மாதிரி கணக்குன்னு தலைப்புலயே எழுதி. பேரல் 65 டாலர்னு கோடு போட்டா ஆறுக்கும் எட்டுக்கும் நடுவுல கோடு வெட்டுது, அப்ப ஏழு போடலாமான்னு யாராவது கேட்டா என்ன சொல்றதுன்னு இப்பதான் யோசிக்கறேன். முந்திரி கொல்லை படம் ஒண்ணு வேணும், பண்ருட்டி ஐயா, வரிசை வெட்டி எடுத்த இடம் தெரியற மாதிரி ஒரு போட்டோ அனுப்ப முடியுமா?

பண்ருட்டி_கொல்லை (ஞாயிறு, இரவு 9:05)

காலையில வெயில் வந்ததும் எடுத்து போடறேன் தம்பி. வெட்டின அடிக்கட்டை இன்னும் ரெண்டு மூணு அப்படியே இருக்கு, அதுவும் தெரியற மாதிரி எடுக்கறேன்.

ரிசர்வாயர்_செல்வி (ஞாயிறு, இரவு 9:40)

ஏழு பத்தி கேட்டா 5,280-அ ஏழால வகுத்து 754 அடின்னு சொல்லுங்க, அதோட நிறுத்தாம அந்த பாறையில மணல் எவ்ளோ தூரம் போச்சுன்னு அளந்தீங்களான்னு நீங்க திருப்பி கேளுங்க.